எந்த வரி வரைக்கும்

கதவைத் தட்டினால், என்ன புரியவில்லை என்று கேட்பார். எது புரியவில்லை என்பதே எனக்குப் புரியவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் சிரிப்பாரா? சிரித்தால்கூடப் பரவாயில்லை. சிரிக்காமல், இந்தப் பெண்ணை யார் உள்ளே விட்டது என்பதுபோலப் பார்த்தால்? கொஞ்சம் பொறுக்கலாம். எது புரியவில்லை என்று முதலில் கண்டுபிடித்துக்கொண்டு அப்புறம் வரலாம். ஆனால் அது தெரிந்துவிட்டால் இங்கே வரவே வேண்டாமே.

மேவ் கார்மடியின் எண்ணம் இந்த இடத்துக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அவள் அந்தக் கதவுக்கு முன்னால் குதிகால்கள் சேர, கைகள் கால்சட்டைத் தையலை ஒட்ட, முகவாய் நேராக நின்றிருந்தாள். யாரும் அவளை அப்படி நிற்கச் சொல்லவில்லை. ஜனவரியில் கான்பெராவுக்கு, முப்படைகளுக்கும் பொதுவான ராணுவ அகாடமியின் முதலாண்டுக்குக் கடற்படை மாணவியாக வந்ததிலிருந்து எந்த மூடிய கதவைப் பார்த்தாலும் உடம்பு தானாக இப்படி நின்றுவிடுகிறது. கதவில் 'டாக்டர் டீனோ மொராண்டி, கணிதம்' என்று எழுதியிருந்தது. அதன் கீழே சைக்கிள் ஓட்டும் வாம்பாட் என்ற குண்டு விலங்கு ஒன்றின் படத்தை யாரோ ஒட்டியிருந்தார்கள். வாம்பாட் மட்டும் நிம்மதியாக இருந்தது.

அவள் இங்கே வந்து நின்றதற்குக் காரணம் நேற்றுக் காலை நடந்த பேச்சு. அவளுடைய பிரிவுக்குப் பொறுப்பான அதிகாரி லெப்டினன்ட் பெல்லிங் அவளைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். பெல்லிங்குக்கு முப்பது வயதுகூட இருக்காது. மேசைமேல் குடித்து முடித்த காபிக் கோப்பை ஒன்று இருந்தது.

"உட்காரு கார்மடி. உன் கணக்கு மார்க்கைப் பார்த்தேன்."

"யெஸ் மேடம்."

"பாஸுக்குப் பக்கத்துலகூட வரல."

"யெஸ் மேடம்."

"மே மாசம் ரெண்டாவது தேர்வு. அதுலயும் இப்படின்னா இன்ஜினியரிங்ல வெச்சிருக்க மாட்டாங்க, ஆர்ட்ஸுக்கு மாத்திடுவாங்க. அது ஒண்ணும் தண்டனை இல்ல. நானே வரலாறு படிச்சவதான். எனக்குக் கப்பல் கொடுக்காமலா போயிட்டாங்க?"

"யெஸ் மேடம். நோ மேடம்."

பெல்லிங்கின் உதட்டோரம் லேசாக அசைந்தது. "யார்கிட்டயாவது உதவி கேட்டியா?"

"நோ மேடம்."

"கேளு. போய்க் கேளு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்."

இந்தச் சொல்லைத்தான் மேவ் இரவு முழுக்க யோசித்தாள். எத்தனை வேகமாக வாயிலிருந்து வருகிறது. கேள்வி முடியுமுன்பே வந்துவிடுகிறது. அது மூளையிலிருந்து வருவதில்லை, குதிகாலிலிருந்து வருகிறது.

ஜனவரி வெயிலில் கற்றுக்கொண்ட சொல் அது. முதல் வாரப் பயிற்சியில் துப்பாக்கியை எப்படிப் பிடித்துத் திருப்புவது என்று கார்ப்பரல் காட்டிவிட்டு, "ஏதாவது கேள்வி?" என்றார். வரிசையில் ஒரு பையன், பாவம், கேள்வி இருக்கிறது என்றான். கார்ப்பரலுக்குக் கோபமே இல்லை. மிகவும் பொறுமையாக எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கினார். அவர் விளக்கி முடிக்கும்வரை மொத்த வரிசையும் துப்பாக்கியை நீட்டிப் பிடித்தபடி நின்றது. தோள்கள் நடுங்கின. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. அதற்கப்புறம் யாருக்கும் எதிலும் கேள்வி இல்லை. "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது." ஒரே குரல், ஒரே மூச்சு. புரியாததை அறைக்குப் போய் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். துப்பாக்கிக்கு அது போதுமானதாக இருந்தது.

பிப்ரவரியில் வகுப்புகள் தொடங்கியபோது அதே சொல்லை வகுப்பறைக்கும் எடுத்துக்கொண்டு போனாள். டாக்டர் மொராண்டி பலகையை நிரப்பிவிட்டுத் திரும்பி, "எல்லாருக்கும் சரிதானே?" என்பார். சீருடை போட்ட மொத்தக் கூட்டமும் "யெஸ் சார்" என்று அதிரும். அவர் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் திடுக்கிடுவார். மேவின் குரலும் அதில் இருந்தது. உரக்கவே இருந்தது.

கதவு உள்ளிருந்து திறந்தது. கையில் காலிக் கெட்டிலுடன் மொராண்டி நின்றார். நாற்பது வயதுக்காரர், சைக்கிள் ஹெல்மெட் நசுக்கிய தலைமுடி.

"ரொம்ப நேரமா நிக்கிறியா?"

"நோ சார்."

"சார் வேணாம்மா. டீனோன்னு கூப்பிடு."

"யெஸ் சார்."

அவர் பெருமூச்சு விட்டு வழிவிட்டார்.

உள்ளே மேசையின் மறுகோடியில் இன்னொரு பெண் உட்கார்ந்திருந்தாள். தரைப்படைச் சீருடை, இழுத்துப் பின்னிய சுருள்முடி, எதிரில் பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம். தலையை மட்டும் அசைத்தாள். மேவ் தோற்ற தேர்வின் கேள்வித்தாளை நீட்டினாள். மொராண்டி வெள்ளைப் பலகையில் எழுத ஆரம்பித்தார். நல்ல ஆசிரியர் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. மேவ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சந்தோஷப்படவேண்டும் என்று ஏனோ தோன்றியது.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

"பிரமாதம்."

வெளியே வந்து படியிறங்கும்போதுதான் தெரிந்தது, உள்ளே போனபோது எப்படி இருந்தாளோ அப்படியே வெளியே வந்திருக்கிறாள். புல்வெளியில் கொண்டைக்கிளிகள் வேர்களைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தன. பின்னால் பூட்ஸ் சத்தம்.

"சிஸ்டா, கொஞ்சம் நில்லு." பிஸ்கட் பெண்தான். "உனக்குப் புரிஞ்சுதுன்னு சொன்னியே, எனக்கும் கொஞ்சம் சொல்லேன். எனக்குப் புரியல."

மேவ் கேள்வித்தாளைப் புரட்டினாள்.

"முதல் வரியாவது?"

"அவர் பலகையில எழுதினார்," என்றாள் மேவ்.

"அது எனக்கும் தெரிஞ்சுது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது அந்தப் பெண். தோள் குலுங்கச் சிரித்தாள். அவமானப்படவேண்டிய இடம் அது என்று மேவுக்குத் தெரியும், ஆனால் அவமானம் வரவில்லை. யாரோ முதுகுப் பையை இறக்கி வாங்கிக்கொண்டதுபோல இருந்தது.

அவள் பெயர் கோனியோ வாகி. பப்புவா நியூ கினி ராணுவம் அனுப்பிவைத்தவள். முதலாண்டை இரண்டாம் முறையாகப் படிக்கிறாள். அதை ஊர் பெயர் சொல்வதுபோல வெளிப்படையாகச் சொன்னாள்.

"போன வருஷம் முழுக்க எல்லாத்துக்கும் தலையாட்டினேன். புரியலன்னா இங்கிலீஷ் தெரியலன்னு நினைச்சுப்பாங்களேன்னு ஒரு ரோஷம். வருஷக் கடைசியில பேப்பர் வந்துச்சு. பேப்பர்கிட்ட தலையாட்ட முடியல. புதன்கிழமை சாயங்காலம் டீனோ உதவி வகுப்பு வைக்கிறார், வர்றியா? யாரும் வர்றதில்ல. பிஸ்கட் எல்லாம் எனக்கே கிடைக்குது."

புதன்கிழமை என்றதும் மேவ் தயங்கினாள்.

வியாழக்கிழமை காலைதோறும் அறை ஆய்வு. அதற்கு முந்தைய மாலை மேவுடையது. அவள் தங்கியிருந்த விடுதித் தாழ்வாரத்தில் எட்டு அறைகள், எட்டுப் பேர், முழுக்க முதலாண்டு. மேவின் அம்மா கடலிலிருந்து வெகுதூரத்தில் உள்ள மோரீ ஊரில் ஒரு சாலையோர மோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிறவர். பள்ளி முடிந்து வந்ததும் அம்மாவுடன் படுக்கை விரித்துத்தான் மேவ் வளர்ந்தாள். எட்டுப் படுக்கைகளின் மூலைகளும் எட்டுச் சட்டைகளின் காலர்களும் அவள் கையால்தான் ஆய்வுக்குத் தயாராகும். கைமாறாக, எதிரறை ஹாப்வுட் தன் கணக்குப் பயிற்சிகளைப் போட்டு அவளிடம் கொடுப்பான். சிட்னிப் பையன், கணக்கு அவனுக்கு மூச்சு விடுவதுபோல. "நீ மடிப்பு, நான் கணக்கு" என்பான். அவன் விடைகளைத் தன் கையெழுத்தில் எழுதும்போது மேவுக்கு எல்லாம் விளங்குவதுபோலவே இருக்கும். எழுதி முடித்த தாள் அழகாகவும் இருக்கும்.

இங்கே திட்டுகளில் பெரியது 'ஜாக்'. தன் காரியம் ஆனால் போதும் என்று கூட இருப்பவர்களை விட்டுப்போகிறவர் ஜாக். சோம்பேறியை மன்னிப்பார்கள், கோழையைக்கூட ஒருவேளை. ஜாக்கை மன்னிப்பதில்லை. பிரிவுக்கு வெளியே போய் உதவி கேட்பதும் கொஞ்சம் ஜாக் என்று எப்படியோ எல்லாரும் நம்பினார்கள். உள்ளேயே ஹாப்வுட் இருக்கும்போது வெளியே எதற்கு?

அந்தப் புதன்கிழமை மேவ் போகவில்லை. எட்டுப் படுக்கைகளையும் விரித்தாள். எட்டாவது போர்வையின் மூலையைச் செருகும்போது, இது எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்று நினைத்தாள். சுலபமாக வருவதைச் செய்துகொண்டே இருந்தால் எல்லாரும் நல்லவள் என்கிறார்கள். கையும் மனமும் நிறைந்திருக்கின்றன. அந்த நிறைவுக்குப் பின்னால்தான் நான் ஒளிந்துகொண்டிருக்கிறேனா? போர்வை பதில் சொல்லவில்லை. நன்றாக இறுகியிருந்தது.

கப்பல் நினைவு வந்தது. பதினைந்து வயதில் பள்ளிச் சுற்றுலாவாகச் சிட்னி போனபோதுதான் முதன்முதலில் கடலைப் பார்த்தாள். துறைமுகத்தில் கடற்படைக் கப்பல் ஒன்றில் ஏற்றிக் காட்டினார்கள். மற்ற பிள்ளைகள் பீரங்கியருகே நின்று படமெடுத்தபோது அவள் கீழே இயந்திர அறைக்குப் போய்விட்டாள். வெதுவெதுப்பும் எண்ணெய் வாசனையும் பேசினால் கேட்காத இரைச்சலுமாக இருந்தது. அங்கிருந்தவர்கள் ஒரு குழாயைத் தொட்டாலே அதற்குள் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொண்டார்கள். மேலே நிற்கும் யாருக்கும் அவர்களைத் தெரியாது, ஆனால் கப்பல் அவர்களால்தான் நகர்கிறது. மோட்டலின் பாய்லர் அறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பெண்ணுக்கு அது சொந்த இடம்போலத் தோன்றியது. அங்கே போவதற்கு வழி இன்ஜினியரிங் ஒன்றுதான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்டுத் தோற்பது இன்னும் கஷ்டம்.

அடுத்த புதன்கிழமை, சாப்பாடு முடிந்ததும், மற்றவர்களின் படுக்கைகளைத் தொடாமல் கிளம்பினாள்.

"எங்க கிளம்பிட்ட?" ஹாப்வுட் தன் அறை வாசலில் நின்றான், கசங்கிய சட்டையைக் குழந்தைபோல ஏந்திக்கொண்டு.

"கணக்கு வகுப்பு."

"கணக்குக்கு நான் இருக்கேனே. இந்தா, இந்த வாரத்து ஷீட். உனக்காகவே அழகா எழுதினேன். கோழி கிறுக்கின மாதிரி இல்ல, பாரு."

"அழகாத்தான் இருக்கு. எனக்கு வேணாம்."

"ஜாக்னு சொல்லல, கார்மடி. லேசா ஜாக் வாசனை அடிக்குதுன்னு சொல்றேன்."

"சன்னலைத் திறந்து வை," என்றாள் மேவ். அவளே எதிர்பார்க்கவில்லை அந்தப் பதிலை.

மொராண்டியின் வகுப்பில் அன்று இவர்கள் இருவர்தான். கோனியோ ஒரு சட்டம் போட்டாள்: இந்த அறையில் யாரும் 'புரிஞ்சுது' என்று சொல்லக்கூடாது. சொன்னால் பலகைக்குப் போய்ச் செய்து காட்டவேண்டும். செய்ய முடியாவிட்டால் பத்து புஷ்-அப். மொராண்டிக்கு முதலில் இது விளையாட்டு என்றுதான் தோன்றியது. பத்து நிமிடத்தில் மேவ் வழக்கம்போல "புரிஞ்சுது சார்" என்றாள், பலகைக்குப் போனாள், நின்றாள், பிறகு தரையில் கைகளை ஊன்றினாள்.

"ஐயோ, எழுந்திரும்மா. யாராவது பார்த்தா நான் அடிச்சேன்னு நினைப்பாங்க."

"இன்னும் நாலு இருக்கு டீனோ, தடுக்காதீங்க," என்றாள் கோனியோ பிஸ்கட்டைக் கடித்தபடி.

மேவ் எழுந்தபோது அவர் நாற்காலியை இழுத்து எதிரில் போட்டு உட்கார்ந்தார். அன்று அவர் கேள்வியை மாற்றினார். புரிந்ததா என்று கேட்கவில்லை.

"நான் எழுதினதைப் பாரு. எந்த வரி வரைக்கும் என்கூட வந்தே? விரலை வை."

இதற்கு யெஸ் என்றோ நோ என்றோ சொல்ல முடியாது. மேவ் எழுந்து பலகையருகே போனாள். ஐந்தாவது வரியில் விரலை வைத்தாள். இல்லை. நான்காவது. அதுவும் பொய். விரல் மேலே ஏறிக்கொண்டே போனது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் ஏற ஏற ஒரு விநோதமான நிம்மதியும் வந்தது. தொலைந்த சாவியைத் தேடிக்கொண்டு வந்த வழியே திரும்பி நடப்பதுபோல. கடைசியில் இரண்டாவது வரியில் நின்றது.

"இங்க," என்றாள். "இதுக்கு அப்புறம் நான் இல்ல."

"நல்லது. இதை நீ எப்படிப் போடுவே?"

மேலே எக்ஸ் வர்க்கம் கூட்டல் மூன்று எக்ஸ். கீழே எக்ஸ். எக்ஸ் பூஜ்யத்தை நெருங்கும்போது இது எதை நெருங்கும் என்பது கேள்வி. மேவ் மேலே வர்க்கத்தில் ஒரு எக்ஸை அடித்தாள், கீழே இருந்த எக்ஸை அடித்தாள். மீதி எக்ஸும் மூன்று எக்ஸும் சேர்ந்து நாலு எக்ஸ். "பூஜ்யம்," என்றாள்.

கோனியோ தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "எக்ஸுக்கு ரெண்டுன்னு போட்டுப் பாரு, சிஸ்டா."

போட்டாள். மேலே நாலும் ஆறும் பத்து. கீழே இரண்டு. ஐந்து. அவளுடைய நாலு எக்ஸ் எட்டு என்றது.

"கீழ இருந்த எக்ஸ் எங்க போச்சு?" என்றார் மொராண்டி.

"அடிச்சிட்டேன் சார். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு."

"பக்கத்துல இருந்த மூணு எக்ஸுக்குக் கீழ?"

மேவ் பலகையைப் பார்த்தாள். சிக்கல் நுண்கணிதத்தில் இல்லை. அவள் தொலைந்தது பள்ளியில், மோரீயில், கணக்கு டீச்சர்கள் வந்ததும் போனதுமாக இருந்த அந்த வருடத்தில். மேலே ஒன்றும் கீழே ஒன்றும் ஒரே மாதிரி இருந்தால் இரண்டையும் உருவி எறிவது. பார்க்கச் சுத்தமாக இருக்கும். சுத்தமாக இருந்தால் சரியாக இருக்கும் என்று அவள் கைக்கு ஒரு நம்பிக்கை. சில கணக்குகளில் அந்தத் தவறான வழியிலேயே சரியான விடையும் வந்திருக்கிறது. அதனால்தான் இத்தனை வருடம் யாரும், அவளும், கண்டுபிடிக்கவில்லை.

"கூட்டல் போட்டா ரெண்டும் ஒரே உறைக்குள்ள போயிடுது," என்றாள் மெல்ல, தனக்குத்தானே. "மெத்தை உறை மாதிரி. ஒண்ணை மட்டும் உருவ முடியாது. உருவினா ரெண்டையும் சேர்த்துத்தான்."

"ம். அப்போ உருவு."

இரண்டிலிருந்தும் எடுத்தாள். எக்ஸ் கூட்டல் மூன்று. பூஜ்யத்தை நெருங்கினால் மூன்று. ரெண்டு போட்டுப் பார்த்தாள். ஐந்து. பேனாவை மூடாமல் அப்படியே நின்றாள். புரிந்தது என்று சொல்ல நாக்கு எழுந்தது, சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. வேண்டுமென்றே இன்னொரு கணக்கை எழுதினாள். அதையும் போட்டாள். கோனியோ பிஸ்கட் பொட்டலத்தை மேசைமேல் அவள் பக்கம் தள்ளினாள்.

மறுநாள் காலை ஆய்வில் அவர்கள் தாழ்வாரம் தோற்றது. மேவின் படுக்கையைத் தவிர மற்ற ஏழும் பூனை புரண்டதுபோல இருந்தன. ஹாப்வுட்டின் காலரில் இஸ்திரிப் பெட்டி அச்சாகவே பதிந்திருந்தது. சனிக்கிழமை மறு ஆய்வு, அதுவரை யாரும் நகரத்துக்குப் போகக்கூடாது என்றார்கள். எட்டுப் பேருக்கும்தான்.

காலைச் சாப்பாட்டில் அவளுக்கு இருபுறமும் நாற்காலி காலியாக இருந்தது. மேவ் டோஸ்ட்டில் வெஜிமைட் என்ற கறுப்புப் பசையை ஓரம்வரை நிதானமாகத் தடவினாள். குற்ற உணர்ச்சி இருந்தது. ஆனால் அதற்குள் கைவிட்டுப் பார்த்தால் அடியில் சின்னதாக, உறுதியாக வேறொன்று தட்டுப்பட்டது. அதற்கு என்ன பெயர் என்று யோசித்தாள். சந்தோஷம் என்று சொல்ல அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. ஆனால் வேறு பெயரும் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஹாப்வுட் அவள் கதவைத் தட்டினான்.

"சரி, எனக்கு ஒண்ணு தெரியணும். இந்த மூலை எப்படி உள்ள போகுது? எங்க வீட்டுல போர்வை தானா மடிஞ்சுக்கும்னுதான் இத்தனை நாள் நினைச்சிருந்தேன்."

அவன் அறைக்குப் போனாள். தலைமாட்டில் தொடங்கி மெதுவாகச் செய்து காட்டினாள். கதவருகே மற்றவர்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"புரிஞ்சுது புரிஞ்சுது," என்றான் ஹாப்வுட்.

மேவ் போர்வையை ஒரே இழுப்பில் உருவித் தரையில் போட்டாள். "செய்."

அவன் செய்தான். மூலை ஒரு மாட்டுக் காதுபோலத் தொங்கியது. எல்லாரும் சிரித்தார்கள்.

"எது வரைக்கும் என்கூட வந்தே?"

"உண்மையைச் சொல்லவா? போர்வையைக் கையில எடுக்கிற வரைக்கும்."

"பத்து புஷ்-அப் போடு."

"எதுக்கு?"

"இது எங்க வகுப்புச் சட்டம்."

"உங்க வகுப்புல கணக்கு சொல்லித்தர்றாங்களா, இல்ல ஆளையே உடைக்கிறாங்களா?" என்று முனகிக்கொண்டே போட்டான். பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் அறைப் போர்வைகளை உருவி எடுத்துக்கொண்டு வந்தார்கள். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு எல்லாருமே தாமதம். சனிக்கிழமை ஆய்வில் ஒரு மூலை மட்டும் பிசகியது. ஆய்வுக்கு வந்தவர் அதைப் பார்த்தார், சன்னலுக்கு வெளியே பார்த்தார், போய்விட்டார்.

அதற்கப்புறம் புதன்கிழமைகள் மேவுக்கே ஆயின. ஏப்ரல் முடிந்து, இந்த நாட்டுக் குளிர்காலம் நெருங்கியது. அகாடமிக்குப் பின்னால் மலைச்சரிவில் புல் வெளுத்தது. காலை அணிவகுப்பில் மூச்சு புகையாக வந்தது. அவள் இன்னும் தடுமாறினாள். சில மாலைகளில் விரல் மூன்றாவது வரியைத் தாண்டவே மறுக்கும். கோனியோ ஒருநாள் கோபத்தில் அழிப்பானைச் சுவரில் எறிந்தாள். மொராண்டி அதை எடுத்து வந்து அவள் கையிலேயே கொடுத்தார், மறுபடி எறிவதற்கு. இருந்தும் அந்தப் படிகளில் ஏறிப் போகும்போது மேவுக்கு மோட்டலின் பாய்லர் அறைக்குப் போவதுபோல இருந்தது. அவள் அதுவரை அறிந்திருந்த சந்தோஷமெல்லாம் ஒன்றைச் சரியாகச் செய்து முடித்தபின் வருவது. இது தெரியாமல் உட்கார்ந்திருக்கும்போதே வந்தது.

மேயில் தேர்வு நடந்தது. ஒரு கேள்வியை விட்டுவிட்டாள். மற்றவற்றில் எந்த வரி வரைக்கும் உறுதியோ அதுவரை எழுதினாள். மதிப்பெண் வந்தபோது கோனியோ மேவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினாள். கோனியோவுக்கு நன்றாகவே வந்திருந்தது. மேவ் பாஸ் மார்க் கோட்டைத் தொட்டு, ஒரு கால் இந்தப் பக்கம் வைத்துவிட்டாள், அவ்வளவுதான். ஹாப்வுட் அவள் அறைக் கதவில், இன்று மட்டும் உன் படுக்கையை நான் விரிக்கிறேன், தயவுசெய்து பார்க்காதே என்று எழுதி ஒட்டியிருந்தான். அவள் பார்க்கவில்லை. அப்படியே படுத்துத் தூங்கினாள்.

மறுநாள் லெப்டினன்ட் பெல்லிங் கூப்பிட்டார். மேசையில் இப்போது இரண்டு காபிக் கோப்பைகள் இருந்தன. ஒன்றை மேவ் பக்கம் நகர்த்தினார்.

"நல்லா பண்ணினே. டீனோவும் நல்லதா சொன்னார். உங்க வகுப்புல என்னதான் நடக்குது, அவர் ஏதோ புஷ்-அப் பத்தி எல்லாம் சொன்னார்."

"ஒண்ணுமில்ல மேடம்."

"சரி, நான் கேட்கல." பெல்லிங் முன்னால் சாய்ந்தார். குரல் தணிந்தது, கனிவாகவே. "இதைக் கேளு கார்மடி. நீ பாஸ்தான். ஆனா ரெண்டு தேர்வையும் சேர்த்துப் பார்த்தா ஓரத்துல நிக்கிறே. அடுத்த அரைவருஷக் கணக்கு இதைவிடக் கடினம், அதுக்கு அப்புறம் வர்றது அதைவிட. ஆர்ட்ஸ்ல உனக்கு இன்னும் இடம் இருக்கு. வெள்ளிக்கிழமையோட மூடிடுவாங்க. இப்ப மாறினா தோத்துப் போய் மாறினதா ஆகாது. ஜெயிச்சுட்டு மாறினதா இருக்கும். சாயங்காலங்கள் உனக்கு மிச்சமாகும், தூங்கலாம். சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, மீதியை நான் பார்த்துக்கிறேன்."

அந்தக் கனிவு உண்மையானது என்று மேவுக்குத் தெரிந்தது. சரி என்று சொன்னால் பெல்லிங்கின் முகம் எப்படித் தெளியும் என்பதும் தெரிந்தது. பழைய வார்த்தை குதிகாலிலிருந்து கிளம்பி முழங்காலைக் கடந்து மேலே வந்துகொண்டிருந்தது. அவள் அதை வரவிட்டு, வாய்க்கருகே வந்ததும் நிறுத்தி, அதைப் பார்த்தாள். காபி வாசனை வந்தது. சன்னலுக்கு வெளியே யாரோ அணிவகுப்புக்குக் கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்து என்ன வரப்போகுதுன்னு உனக்குத் தெளிவா இருக்கா?" என்றார் பெல்லிங்.

"இல்ல மேடம். தெளிவா இல்ல."

பெல்லிங் நிமிர்ந்து பார்த்தார். தெளிவாக இல்லை என்பதை அந்த அறையில் அவர் அதிகம் கேட்டிருக்கமாட்டார்.

"அப்போ மாறிக்கிறியா?"

மேவ் காபிக் கோப்பையை இரு கைகளாலும் எடுத்துக்கொண்டாள். சூடாக இருந்தது.

"வேணாம் மேடம்," என்றாள்.